கழிப்பறைக்கும் கடன்

திருச்சிராப்பள்ளியில் 1987 முதல் இயங்கும் கிராமாலயா தொண்டு நிறுவனத்தின் முயற்சியால் 2007-இல் உருவான ‘கார்டியன்’ என்னும் குறுங்கடன் நிறுவனம், அதாவது சொத்து ஈடு கேட்காமல் மகளிர் குழுக்களின் கூட்டுப் பொறுப்பை நம்பிச் சிறு தொகை வழங்கும் அமைப்பு, கழிப்பறை கட்டவும் குடிநீர் இணைப்புப் பெறவும் கடன் கொடுக்க முன்வந்தது. கறவை மாட்டுக்கும் தையல் இயந்திரத்துக்கும் கிடைத்து வந்த கடன், கழிப்பறை வருமானம் ஈட்டித் தராது என்ற காரணத்தாலேயே அதற்கு எளிதில் கிடைத்ததில்லை. ஆனால் தெருக்குழாயடியில் குடத்தோடு காத்திருந்து இழக்கும் கூலியும், வயிற்றுப்போக்குக்குச் செலவாகும் மருந்துக் காசும் மிச்சமாகும்போது, அந்த மிச்சமே தவணை கட்டும் வலிமையாகிறது என்பதை உணர்ந்ததே வாடிக்கையாளரை அறிந்த புதுமை. இருட்டும்வரை அடக்கிக்கொண்டிருக்கும் பெண்ணின் வேதனையைக் கடன் விண்ணப்பத்துக்குள் கொண்டுவந்த இந்தத் துணிவு, புதுமை எனப் போற்றப்படும் கைபேசிச் செயலிகள் பலவற்றைவிடப் பெரிது. கழிப்பறை கட்டத் தரும் மானியம் ஒரு வீட்டோடு தீர்ந்துவிடும். கடனோ திரும்பி வந்து அடுத்த வீட்டுக்குச் செல்லும்.