பழந்தட்டும் புதுச்செவியும்

இசையில் அயலது எதுவும் நமக்கு வேண்டா என்று முடிவு கட்டிவிட்ட குடும்பங்கள் திருவனந்தபுரத்துத் தமிழரிடையே உண்டு. "பிழைக்க வந்த ஊரில் மொழியைக் காப்பதற்கே படாத பாடு படுகிறோம், இசையையும் கலப்படமாக்க வேண்டுமா?" என்பது அவர்கள் வினா. அதன் பின்னேயுள்ள அச்சத்தை மதிக்கிறோம். அவர்களது முடிவை மறுக்கிறோம்.

மறுக்க நமக்குக் கற்பித்தது எந்தச் சபாவும் அன்று. சாலைக்கடைத்தெருவை ஒட்டியிருந்த ஒரு பழைய சாமான் கடை. ஆக்ரிக்கடை என்பர் இவ்வூரார். ஓட்டைப் பித்தளைக்கும் கிழிந்த பேரேட்டுக்கும் நடுவே உறையின்றிக் கிடந்தன இசைத்தட்டுகள். பாடியவர் யாரென்று கடைக்காரர் பார்ப்பதில்லை. கட்டுக்கு இவ்வளவு என்பதே விலை. நாம் தேடிப் போனது தியாகராஜ பாகவதரை. கட்டை அவிழ்த்தால் பாகவதர் தட்டு ஒன்று. ஏனையோர் நாம் பெயரும் அறியாதவர். காசு கொடுத்துவிட்டோமே என்ற கஞ்சத்தனத்தால் அவர்களையும் கேட்டோம். அக்கஞ்சத்தனம் வாழ்க!

நிமிடத்திற்கு 78 முறை சுழலும் பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்திற்குச் சற்று மேல்தான் ஓடும். பிடிக்கவில்லை என்று எழுவதற்குள் பாட்டு முடிந்துவிடும். பிடித்துவிட்டாலோ முள்ளை எடுத்து மீண்டும் வைப்போம். பழகாத இசைக்குள் நுழைய இதைவிட எளிய வாயில் ஏது? அப்படித்தான் தேவராஜன் மெட்டமைத்த மலையாள நாடகப் பாடல் நம் இல்லத்துள் வந்தது. அப்படித்தான் அப்துல் கரீம் கானும் வந்தார். இந்துஸ்தானி நமக்கெதற்கு என்று ஒதுக்கிய தட்டில் அவர் பாடியிருந்தது கரகரப்பிரியாவில் தியாகராசர் கீர்த்தனை! அம்மேதை 1937இல் உயிர் நீத்ததும் செங்கற்பட்டை அடுத்த சிங்கப்பெருமாள்கோயில் ரயில் நிலையத்தில். அயலார் என்று யாரைச் சொல்வது?

கலப்படம் என்போர் நாம் வாழும் ஊரின் வரலாற்றையாவது பார்க்கட்டும். தஞ்சை வடிவேலுவை அவையில் வைத்துப் போற்றினார் சுவாதித் திருநாள். பாபநாசம் சிவன் இளமையில் இவ்வூரில் வளர்ந்து, நீலகண்ட சிவனின் தமிழ்ப் பாடல்களில் ஊறியவர். மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' 1938இல் வெளிவந்தது. எடுத்தது சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ். தமிழ்த் திரையிசையை ஆண்ட எம். எஸ். விசுவநாதன் பிறந்தது பாலக்காட்டு எலப்புள்ளியில். இவர்களுக்கிடையே இல்லாத வேலியை நாம் ஏன் நடுகிறோம்?

"இப்போது கைப்பேசியிலேயே எல்லாம் கிடைக்கிறதே" என்பாரும் உளர். கிடைக்கிறது. ஆனால், நேற்று நாம் கேட்டதை நினைவில் வைத்து, இன்று அதன் தம்பியையே நீட்டுவது அதன் இயல்பு. ஆக்ரிக்கடைக் குவியலுக்கோ நம் முகம் தெரியாது; ஆதலால் முகத்துக்காக எதையும் மறைக்கவும் தெரியாது. மேலும், தட்டில் இருந்தவை யாவும் கைப்பேசிக்கு ஏறிவிடவில்லை. அரக்குத் தட்டு கை தவறினால் உடையும். உடைவது எஞ்சிய கடைசிப் படியாகவும் இருக்கலாம்.

இதைச் சொல்லும் நாமும் குற்றவாளிகளே. வீடு மாறியபோது, பாட்டனார் சேர்த்த ஒரு பெட்டித் தட்டுகளை, இடத்தை அடைக்கிறதென்று எடைக்குப் போட்டோம். அதனுள் யார் யார் பாடினர் என்று இன்று பிள்ளைகள் கேட்டால் சொல்ல வழியில்லை. நாம் கடையில் அவிழ்த்த கட்டும் இப்படி ஒரு குடும்பம் கைவிட்டதாகத்தானே இருக்கும்?

கேள்விக்கென்று ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். பிள்ளைகளின் செவியை அடைத்துவிட்டு அதனுள் தமிழிசையை ஊற்ற இயலாது. பள்ளியில் மலையாளம் பயிலும் பிள்ளை வீட்டில் மலையாளப் பாட்டுக் கேட்பதால் தமிழ் தேயாது. கேட்கவே பழகாத பிள்ளையிடத்தில்தான் தேயும். ஆகவே அன்பர்களே, பரணில் கிடப்பதை எடைக்குப் போடாதீர், சங்கத்திற்குத் தாரீர். மொழி பார்த்துப் பிரிக்காமல், கட்டாகவே தாரீர். திங்களுக்கு ஒரு மாலை பிள்ளைகளை வட்டமாக அமர்த்தி, கைக்கு வந்த தட்டைச் சுழலவிடுவோம். மூன்று நிமிடம் பொறுத்துக் கேட்கட்டும். பிறகு பிடித்ததைச் சொல்லட்டும்.