தொப்புளைச் சுற்றிப் பதினான்கு

திருகோணமலைப் பக்கம் இறக்கக்கண்டியில், களப்பு கடலைத் தொடும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு மரநிழலில், நாய்களுக்கு விசர்நோய்த் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தேன். கரைவலை இழுத்து முடிந்த நேரம். ஊர் நாய்களில் பாதி ஈரமணலில் மீன்தலைக்குக் காத்துக் கிடந்தன. பேரனைக் கையில் பிடித்தபடி ஒரு மூதாட்டி வந்தார். பையனின் கணுக்காலில், முந்தின நாள் மாலை குட்டிநாய் கடித்த தடம். அதன்மேல் அப்பிய மிளகாய்த்தூள்.

"ஆசுபத்திரிக்குப் போகல்லயா அம்மா?"

"போனா தொப்புளைச் சுத்தி 14 ஊசி போடுவாங்களே டொக்டர். புள்ள தாங்காது."

"யாருக்குப் போட்டதப் பாத்தீங்க?"

"படத்துலதான்."

அந்தப் பயத்தை அறியாமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதற்கு உண்மையான வரலாறு உண்டு. 1911இல் இந்தியாவின் கசௌலியில் டேவிட் செம்பிள் உருவாக்கிய தடுப்பூசி, நோய்க்கிருமி ஏற்றிய ஆட்டின் மூளையை அரைத்து, கிருமியைப் பீனாலில் செயலிழக்கச் செய்து எடுத்தது. நாள் தவறாமல் வயிற்றுத் தோலில் குத்த வேண்டும். சிலருக்கு அதுவே நரம்பைத் தாக்கிப் பக்கவாதத்தைக் கொண்டுவந்தது. இந்தியாவில் அது முற்றாக நின்றது 2004இல்தான். ஊசி போய்விட்டது. நகைச்சுவைக் காட்சிகளில் நாய் கடித்தவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடுவது மட்டும் இன்னும் தொலைக்காட்சியில் வந்துகொண்டே இருக்கிறது. ஒரு தலைமுறையின் வேதனை அடுத்த தலைமுறைக்குச் சிரிப்பாகவும் அச்சமாகவும் வந்து சேர்ந்திருக்கிறது. இன்றைய ஊசி கையில், தோலுக்குள், ஒரு மாதத்துக்குள் பெரும்பாலும் நான்கு தடவை. இதைச் சொல்லும் காட்சி எந்தப் படத்திலாவது வந்திருந்தால் நான் மிகவும் மகிழ்வேன்.

தமிழ்ப் படங்களில் விலங்குவழித் தொற்று இல்லாமல் இல்லை. 2011இல் வந்த 'ஏழாம் அறிவு' படத்தில் கொள்ளைநோய் ஒரு தெருநாயிலிருந்துதான் கிளம்புகிறது. 2016இன் 'மிருதன்' படத்திலும் ஊட்டியில் ஒரு நாயின் கடிதான் முதல் தீப்பொறி. படம் பார்க்கும்போதெல்லாம் என் மனம் அங்கிருந்து மலைச்சாலையில் இறங்கிக் குன்னூருக்குப் போய்விடும். இருபது கிலோமீட்டருக்குள், 1907 முதல் விசர்நாய்க்கடிக்கு மருந்து செய்துவந்த பாஸ்டர் நிறுவனம் அங்கேதான் இருக்கிறது. ஊட்டியில் மனிதர்கள் வெறிபிடித்து அலையும் கதையில், பக்கத்து ஊரின் அந்தப் பழைய கட்டடத்துக்கு ஒரு காட்சியாவது கொடுத்திருக்கலாம். கதாநாயகன் சுடுவதை நானும் ரசித்தேன். ஆனால் நம் தொழிலில் நாயகன் என்பது எழுபது சதவீதம். ஒரு பகுதியின் நாய்களில் அத்தனைக்கு ஆண்டுதோறும் ஊசி போய்ச் சேர்ந்தால் நோய்ச் சங்கிலி அறுந்துவிடும்.

இலங்கை அந்தச் சங்கிலியைப் பெரும்பாலும் அறுத்த நாடு. 1973இல் இந்நோயால் இறந்தவர்கள் 377 பேர். அண்மைக் காலத்தில் ஆண்டுக்கு இருபது, முப்பது என்ற அளவில் நிற்கிறது. மிஞ்சியிருக்கும் அந்த இருபதில் ஒரு பிள்ளை, ஊசிக்குப் பயந்த வீட்டுப் பிள்ளையாக இருந்துவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை. அறிகுறி தொடங்கிவிட்டால் நம்மிடம் மருந்து இல்லை.

ஆகவே சக கால்நடை மருத்துவர்களிடம் ஒரு வேண்டுகோள். நாய்க்கு ஊசி போடும்போது அதைப் பிடித்திருப்பவரிடம் மனிதருக்குப் போடும் ஊசியின் எண்ணிக்கையையும் சொல்லுங்கள்: 14 இல்லை, தொப்புளில் இல்லை. கடித்த இடத்தைச் சவர்க்காரம் போட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும் என்று நாம் சொல்லும்போது தலையாட்டுகிறார்கள். வீட்டுக்குப் போய் இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். கிணற்றடியில் யார் மணிக்கூடு பார்ப்பார்கள்? நான் இப்போது பாட்டில்தான் அளவு சொல்கிறேன். சினிமாப் பாட்டு ஒன்று ஏறக்குறைய ஐந்து நிமிடம். மூன்று முழுப்பாட்டு, இடையிசையோடு. பல்லவியோடு நிறுத்தினால் கணக்கில் சேராது.

அன்று அந்தப் பையனையும் கிணற்றடிக்குக் கூட்டிப் போனோம். மிளகாய்த்தூள் கரைந்து எரிந்ததில் முதல் பாட்டு அழுகையில் போனது. இரண்டாவதில் பாட்டியும் மெல்லச் சேர்ந்துகொண்டார். மூன்றாவதற்கு வாளி இறைத்தவரும் பாடினார். உடனே திருகோணமலை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக ஓட்டோவும் வந்துவிட்டது. கடித்த குட்டியைப் பத்து நாள் கட்டிவைத்துக் கவனிக்கப் பக்கத்து வீட்டார் ஒப்புக்கொண்டார்கள்.

ஏறும்போது பையன் திரும்பிக் கேட்டான்: "நாய்க்கு எத்தன ஊசி டொக்டர்?"

"வருசத்துக்கு ஒண்டு."

"தொப்புள்லயா?"

பக்கத்தில் நின்ற ஒரு செவலை நாயின் பிடரித் தோலைத் தூக்கிக் காட்டினேன். அது என் சட்டைப்பையில் மீன் இருக்கிறதா என்று மோந்து பார்த்துக்கொண்டிருந்தது.