விதி மாறும் செய்தி பண்ணைக்கு முன்கூட்டியே வர வேண்டும்: முட்டை ஏற்றுமதி குறித்த கோரிக்கை மனு

அனுப்புநர்:
ஓமலூர் வட்டார முட்டைக்கோழிப் பண்ணையாளர்கள் சங்கம்,
ஓமலூர், சேலம் மாவட்டம்.

பெறுநர்:
1. செயலாளர், வணிகத் துறை, இந்திய அரசு, புது தில்லி.
2. செயலாளர், கால்நடை பராமரிப்பு மற்றும் பால்வளத் துறை, இந்திய அரசு, புது தில்லி.

வழி: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், சேலம்.

பொருள்: முட்டை இறக்குமதி விதிகளில் பிற நாடுகள் செய்யும் மாற்றங்களைப் பண்ணையாளர்களுக்கு உரிய காலத்தில் தமிழில் தெரிவித்தல், உலக வர்த்தக அமைப்பின் வெளிப்படைத்தன்மைக் கடமைகளை முழுமையாகக் கடைப்பிடித்தல் – கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

எங்கள் வட்டாரப் பண்ணை முட்டைக்கும் நாமக்கல் மண்டலத்தில் அறிவிக்கப்படும் விலையே அடிப்படை. அந்த விலையைத் தாங்கி நிற்பவற்றுள் வளைகுடா ஏற்றுமதியும் ஒன்று. ஏற்றுமதி தடைப்பட்டால் தேங்கிய முட்டை உள்ளூர்ச் சந்தைக்கே திரும்புகிறது. வெளிநாட்டுக்கு ஒரு முட்டைகூட அனுப்பாத சிறு பண்ணையாளரின் விலையும் சேர்ந்தே இறங்குகிறது. 2024ஆம் ஆண்டின் இறுதியில் ஓமன் புதிய இறக்குமதி அனுமதிகளை நிறுத்தியதும், கத்தார் முட்டையின் எடைக்கு வரம்பு விதித்ததும் நாடாளுமன்றம் வரை பேசப்பட்டன. தன் மக்கள் உண்ணும் உணவுக்கு விதி வகுக்கும் உரிமை எந்த நாட்டுக்கும் உண்டு. அதை நாங்கள் மறுக்கவில்லை. விதி மாறப்போகிறது என்ற செய்தி கோழி வளர்ப்பவருக்கு எப்போது, யார் மூலம் வந்து சேர வேண்டும் என்பதே எங்கள் கேள்வி.

குஞ்சு இறக்கிய நாளிலிருந்து ஏறத்தாழ 20 வாரம் கழித்தே கோழி முட்டையிடத் தொடங்குகிறது. முதலில் இடுவது சிறு முட்டை. கோழிக்கு வயது கூடக் கூடத்தான் எடை ஏறும். என்ன எடையில் முட்டை வேண்டும் என்பதைப் பண்ணையாளர் இனம், தீவனம், கோழியின் வயது ஆகியவற்றைக் கணக்கிட்டுப் பல மாதம் முன்பே முடிவு செய்தாக வேண்டும். அட்டைக்கு 30, பெட்டிக்கு 12 அட்டை என்று 360 முட்டைகளாக அடுக்கி, குளிரூட்டிய கண்டெய்னரில் ஏற்றிக் கப்பல் கிளம்பிய பின் விதி மாறினால் அந்தச் சரக்கைக் காப்பாற்ற வழியே இல்லை. உலக வர்த்தகச் சட்டம் இந்தச் சிக்கலை அறிந்தே எழுதப்பட்டிருக்கிறது. 1995 முதல் நடைமுறையில் உள்ள சுகாதார, தாவர நல நடவடிக்கைகள் ஒப்பந்தத்தின் 7ஆம் பிரிவும் அதன் இரண்டாம் இணைப்பும், புதிய விதியை வரைவாக இருக்கும்போதே அறிவிக்க வேண்டும், பிற நாடுகளின் கருத்தைக் கேட்க வேண்டும், ஐயங்களுக்கு விடை தர ஒரு விசாரணை மையம் வைக்க வேண்டும், வெளியிடும் நாளுக்கும் அமலாகும் நாளுக்கும் இடையே போதிய அவகாசம் விட வேண்டும் என்கின்றன. அந்த அவகாசம் பொதுவாக 6 மாதத்துக்குக் குறையக்கூடாது என்று 2001 நவம்பரில் தோஹா அமைச்சர்கள் மாநாடு தெளிவுபடுத்தியது. ஒரு குஞ்சு முட்டைக்கோழியாக வளர்ந்து, முட்டையின் எடை ஏறத் தொடங்கும் காலமும் கிட்டத்தட்ட அதுதான். எடை வரம்பு நோய் சார்ந்ததல்ல, தரம் சார்ந்தது என்று சொன்னாலும், வர்த்தகத்துக்கான தொழில்நுட்பத் தடைகள் ஒப்பந்தத்தின் 2ஆம் பிரிவு இதே போன்ற கடமைகளை விதிக்கிறது. இந்தியா, ஓமன், கத்தார் மூன்றும் இவ்வொப்பந்தங்களுக்குக் கட்டுப்பட்டவை.

இந்தக் கடமைகளை அலட்சியம் செய்தால் என்ன விலை கொடுக்க நேரும் என்பதை நம் நாடே பட்டுணர்ந்திருக்கிறது. பறவைக் காய்ச்சலைக் காரணம் காட்டி இந்தியா விதித்த இறக்குமதித் தடையை எதிர்த்து 2012இல் அமெரிக்கா உலக வர்த்தக அமைப்பில் வழக்குத் தொடுத்தது. 2014 அக்டோபரில் வெளியான தீர்ப்பாயக் குழுவின் அறிக்கை, தடைக்கு அறிவியல்பூர்வமான இடர் மதிப்பீடு இல்லை, நோயற்ற பகுதிகளைப் பிரித்துப் பார்க்கவில்லை என்றதோடு, அறிவிப்பும் அவகாசமும் விதிப்படி தரப்படவில்லை என்றும் முடிவு செய்தது. 2015 ஜூனில் மேல்முறையீட்டிலும் இந்தியா தோற்றது. அதன்பின் ஆண்டுக்கு 45 கோடி டாலர் அளவுக்குப் பதில் நடவடிக்கை எடுக்க அமெரிக்கா அனுமதி கேட்டது. 2023 செப்டம்பரில் பேச்சில் தீர்வு காணப்பட்டபோது, உறைந்த வான்கோழி, வாத்து உள்ளிட்ட சில அமெரிக்கப் பொருள்களுக்கு இந்தியா வரியைக் குறைக்க வேண்டியதாயிற்று. அன்று நமக்கு எதிராக நின்ற கோட்பாடுதான் இன்று நமக்குக் கேடயம். ஆலப்புழையில் வாத்துக்குக் காய்ச்சல் வந்தால், நோயில்லாத ஓமலூரின் முட்டையை எதற்காக நிறுத்துகிறீர்கள் என்று கேட்கும் உரிமையை, நோயற்ற பகுதிகளைப் பிரித்துப் பார்க்கச் சொல்லும் சுகாதார, தாவர நல ஒப்பந்தத்தின் 6ஆம் பிரிவு தருகிறது. தமிழ்நாடு உள்ளிட்ட 4 மாநிலங்களில் 26 கோழி வளர்ப்புக் கூறுகள் (நோய் புகாதவாறு தனித்துப் பராமரிக்கப்படும் பண்ணைத் தொகுதிகள்) பறவைக் காய்ச்சலற்றவை என்ற இந்தியாவின் சுய அறிவிப்பை 2023இல் உலக விலங்கு நல அமைப்பு வெளியிட்டது. அந்த வழியைச் சிறு பண்ணைகளுக்கும் திறந்துவிட வேண்டும்.

இதற்குச் சில மறுப்புகள் எழலாம். நோய் பரவும் நேரத்தில் 6 மாதம் காத்திருக்க முடியுமா என்பது முதலாவது. முடியாது, சட்டமும் அப்படிச் சொல்லவில்லை. அவசர நிலையில் முன்னறிவிப்பைத் தவிர்க்கலாம்; ஆனால் விதியையும் அதன் காரணத்தையும் உடனே தெரிவித்தாக வேண்டும். எடை வரம்பு போன்றவற்றுக்கு இந்த விலக்கு பொருந்தாது. நட்பு நாடுகளைக் கேள்வி கேட்டால் உறவு கெடும் என்பது இரண்டாவது. ஜெனீவாவில் அந்தந்த ஒப்பந்தக் குழுவின் கூட்டங்களில் உறுப்பு நாடுகள் தங்கள் வர்த்தகக் கவலைகளை எழுப்புவது வழக்கமான நடைமுறை. அது வழக்கும் அல்ல, பகையும் அல்ல. 2019 டிசம்பர் முதல் மேல்முறையீட்டு அமைப்பே முடங்கிக் கிடக்கும் நிலையில், வழக்குக்கு முன்னரே கேட்டுத் தெளிவதுதான் பயன் தரும். அறிவிப்புகள் எல்லாம் இணையத்தில் கிடைக்கின்றனவே என்பது மூன்றாவது. ஈபிங் என்ற இலவச இணைய அறிவிப்புச் சேவை இருப்பதை அறிவோம். ஆங்கிலச் சட்ட நடையில், ஆயிரக்கணக்கான அறிவிப்புகளுக்கு நடுவே கிடப்பதை ஒரு பண்ணையாளர் தேடிப் படித்து, பொதுவாக அளிக்கப்படும் 60 நாளுக்குள் கருத்து அனுப்புவார் என்று எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒவ்வாது. மேலும் உலக வர்த்தக அமைப்பில் பேசும் தகுதி அரசுக்கு மட்டுமே உண்டு. எங்கள் குரல் அரசின் வழியாகத்தான் அங்கே போக முடியும். ஆகவே எங்களைக் கேட்பது அரசின் கடமையாகிறது.

எனவே கீழ்க்கண்டவற்றை நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்:

1. முட்டை, கோழி, தீவனம் தொடர்பாகப் பிற நாடுகள் வெளியிடும் அறிவிப்புகளின் தமிழ்ச் சுருக்கத்தை, வெளியான 7 நாளுக்குள் சேலம், நாமக்கல் மாவட்டக் கால்நடை பராமரிப்புத் துறை அலுவலகங்கள் மூலம் சங்கங்களுக்கு அனுப்ப வேண்டும்.

2. இந்தியாவின் கருத்தை அனுப்பும் முன் பண்ணையாளர்களைக் கலந்தாலோசிக்க வேண்டும். அனுப்பிய கருத்தையும் கிடைத்த பதிலையும் வெளியிட வேண்டும்.

3. அவகாசமின்றி விதிக்கப்படும் கட்டுப்பாடுகளை உரிய குழுக்களில் எழுப்பி, விளைவை எங்களுக்குத் தெரிவிக்க வேண்டும்.

4. சிறு பண்ணைகள் கூட்டாகச் சேர்ந்து நோயற்ற கூறாக அங்கீகாரம் பெறுவதற்கான விதிமுறை, செலவு, உதவி ஆகியவற்றைத் தமிழில் வெளியிட்டு, அந்த அங்கீகாரத்தை இறக்குமதி நாடுகள் ஏற்க முயற்சி எடுக்க வேண்டும்.

5. இந்தியா விதிக்கும் இறக்குமதிக் கட்டுப்பாடுகளையும் இடர் மதிப்பீட்டோடும் உரிய அவகாசத்தோடும் அறிவிக்க வேண்டும். நாம் பிறரிடம் கேட்கும் நேர்மையை நாமும் கடைப்பிடித்தால்தான் நம் கேள்விக்கு வலுவிருக்கும்.

இவற்றில் எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை. நாடு ஏற்கெனவே கையெழுத்திட்டதைப் பண்ணை வரை கொண்டுவந்தால் போதும். இம்மனுவின் மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இடம்: ஓமலூர்

இப்படிக்கு,
தலைவர், செயலாளர் மற்றும் செயற்குழு உறுப்பினர்கள்