சனிக்கிழமைக் கூலியும் இணையவழிப் பணமும்

வணிகவியல் மாணவன் என்று தெரிந்தால் போதும், ஊரில் சிறு தொழில் செய்வோர் இப்போது கேட்கும் முதற்கேள்வி, "இணையத்தில் பணம் வாங்க எந்தக் கம்பெனியில் சேரலாம்?" என்பதுதான். கேட்ட மாத்திரத்தில் நம் நண்பர்கள் விழுக்காட்டைப் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். இங்கே இரண்டு, அங்கே ஒன்றே முக்கால் என்று கத்தரிக்காய்க்குப் பேரம் பேசுவதைப்போல் பேசுகிறார்கள். கட்டணத்தை நான் ஒதுக்கவில்லை. ஆயினும் பணம் என்றைக்குக் கைக்கு வரும், வராவிட்டால் யாரைக் கேட்பது என்பனவே சிறு வணிகர் முதலில் கேட்க வேண்டியவை என்பது என் துணிபு.

கணக்கையே பார்ப்போமே! என் சித்தி சின்னாளப்பட்டியில் சுங்குடிச் சேலை விற்பவர். சேலை ஒன்று 900 ரூபாய் என்று கொள்வோம். 2 விழுக்காடு பிடித்தால் 18 ரூபாய். அந்தக் கட்டணத்தின் மேல் 18 விழுக்காடு சரக்கு-சேவை வரியும் உண்டு என்று கொள்வோம். ஆக 21 ரூபாய் 24 காசு. ஒன்றே முக்கால் விழுக்காடு எனில் 18 ரூபாய் 59 காசு. நாம் மணிக்கணக்கில் வாதிடும் வேறுபாடு சேலைக்கு மூன்று ரூபாய்கூட இல்லை.

நாள் கணக்கோ வேறு. விற்ற பணம் இரண்டு வேலைநாள் கழித்து வரும் என்றால், வியாழன் மாலை விற்ற சேலையின் பணம், இடையில் வங்கி விடுமுறைச் சனி வந்தால், திங்களன்றுதான் வரும். முடிச்சுப் போடும் பெண்களுக்குக் கூலி சனிக்கிழமை. சித்தி என்னிடம் கேட்டது இதுதான்: "எவ்வளவு பிடிக்கிறாங்கிறதை அப்புறம் பாப்போம்டா. சனிக்கிழமை என் கையில காசு இருக்குமா, அதைச் சொல்லு." கூலிக்காக மூன்று வட்டிக்கு வாங்குபவரிடம் கால் விழுக்காட்டு மிச்சத்தைச் சொல்லி என்ன பயன்?

அவர் அஞ்சியதும் நடந்தது. சென்ற தீபாவளிக்கு முன் விற்பனை திடீரென்று ஏறியது. ஏறியதே குற்றமாயிற்று! சான்றுகளைச் சரிபார்க்க வேண்டும் என்று இடையிலிருந்த நிறுவனம் பதினொரு நாள் பணத்தை நிறுத்திவைத்தது. தொலைபேசியில் பேசியது இயந்திரம். கடிதத்துக்குப் பதில் சொன்னதும் இயந்திரமே. சரிபார்ப்பது தவறன்று, மோசடிக்காரர்களும் சேலை விற்பவர்போல் வரத்தான் செய்வார்கள். ஆனால் எத்தனை நாள் நிறுத்தலாம் என்பது ஒப்பந்தத்தில் எங்கே இருக்கிறது என்று தேடினால், பதினேழாம் பக்கத்தில், "நிறுவனம் உகந்ததெனக் கருதும் காலம்வரை" என்ற பொருளில் ஓர் ஆங்கில வாக்கியம்!

அப்படியானால் இடைத்தரகரே வேண்டாமா? தொடக்க நிலையில் வேண்டாம் என்றே சொல்வேன். 2016இல் வந்த யு.பி.ஐ. முறையில் வாங்குபவர் கணக்கிலிருந்து விற்பவர் கணக்குக்குப் பணம் நேரே வந்து சேரும். 2020 ஜனவரி 1 முதல் வணிகரிடம் இதற்குத் தள்ளுபடிக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது அரசின் விதி. வங்கியில் நடப்புக் கணக்கும் ஒரு கியூ.ஆர். அட்டையும் இருந்தால், வாட்ஸப்பில் நாளைக்குப் பத்துச் சேலை விற்பவருக்கு அது போதும். பணம் அனுப்பியதாக வரும் படத்தை நம்பிச் சேலையை அனுப்பாமல், வங்கிக் கணக்கில் பார்த்துவிட்டு அனுப்ப வேண்டும். போலிப் படம் தயாரிப்பது இன்று பள்ளிப் பிள்ளைக்கும் எளிது.

பத்து ஐம்பதாகும்போது கதை மாறும். எந்தப் பணம் எந்தச் சேலைக்கு என்று பொருத்திப் பார்ப்பதற்கே ஓர் ஆள் தேவைப்படும். கடன் அட்டையில்தான் தருவேன் என்னும் வெளியூர் வாடிக்கையாளரும் வருவார். அப்போது இடைநிறுவனத்துக்குத் தரும் இரண்டு விழுக்காடு அந்த ஆளின் சம்பளம் எனலாம், தாராளமாகத் தரலாம்.

ஆனால் பெயரின் பெருமையை மட்டும் பார்த்துத் தரக் கூடாது. பேபால் உலகப் பெயர் பெற்றது. 2021 ஏப்ரல் 1 முதல் இந்தியாவுக்குள்ளான பணப் பட்டுவாடாவை நிறுத்திக்கொண்டது. பேடிஎம் பேமென்ட்ஸ் வங்கி 2024 மார்ச் 15க்குப் பின் புதிய வரவு ஏற்கலாகாது என்று ரிசர்வ் வங்கி தடுத்தபோது, அவ்வங்கியில் வசூல் கணக்கு வைத்திருந்த வணிகர்கள் வேறு வங்கிக்கு ஓட வேண்டியதாயிற்று. இத்தகைய இடைநிறுவனங்கள் ரிசர்வ் வங்கியின் அனுமதி பெறவேண்டும், வணிகரின் பணத்தைத் தம் பணத்தோடு கலக்காமல் தனிக் காப்புக் கணக்கில் வைக்கவேண்டும் என்ற விதி 2020இல் வந்தது. அனுமதி பெற்றோர் பட்டியலை ரிசர்வ் வங்கியே வெளியிடுகிறது. அதில் பெயர் இல்லாதவரிடம், கட்டணமே இல்லை என்றாலும், போக வேண்டாம்.

எஞ்சியிருப்பது அந்தப் பதினேழாம் பக்கம். அதைப் படிக்கச் சித்திக்கு ஆங்கிலம் தெரியாது, நமக்குத் தெரியும். நம் வணிகவியல் மன்றம் ஆண்டுதோறும் நடத்தும் வினாடி வினாவில் ஒன்றைக் குறைத்துக்கொண்டு, ஒரு சனிக்கிழமை முற்பகலை இதற்கு ஒதுக்கினால் என்ன? ஊர் வணிகர்கள் தத்தம் ஒப்பந்தத்தோடு வரட்டும். பணம் வரும் நாள், நிறுத்திவைக்கும் விதி, வாடிக்கையாளர் மறுத்தால் திருப்பிப் பிடிக்கும் முறை ஆகிய மூன்றையும் தமிழில் எழுதிக் கையில் கொடுப்போம். பேராசிரியர்கள் இசைந்தால் முதல் கூட்டத்துக்குச் சித்தியை நானே அழைத்து வருகிறேன். கூலி கொடுத்து முடித்த பிறகுதான் வருவார்.