இரண்டாவது முகூர்த்தம்

கல்யாணம் செய்துகொள்வது கஷ்டமா, செய்துகொண்ட கல்யாணத்தையே மறுபடியும் செய்துகொள்வது கஷ்டமா என்று யாராவது கேட்டால், இரண்டாவதுதான் என்று தயங்காமல் சொல்வேன். முதல் கல்யாணத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் மணையில் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். மற்ற காரியங்களைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அறுபதாம் கல்யாணத்திலோ பெரியவர்களே மாப்பிள்ளையும் பெண்ணும். பார்த்துக்கொள்ள வேண்டிய சிறியவர்கள் ஆளுக்கு ஓர் ஊரில் உட்கார்ந்து, லீவுக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆவடியில் வசிக்கும் என் நண்பர் ஒருவர் இந்தச் சங்கடத்தில்தான் அகப்பட்டுக்கொண்டார். 1966-ஆம் வருஷம் ஐப்பசி மாதம் திருவாதிரை நட்சத்திரத்தில் பிறந்தவர் அவர். அது பராபவ வருஷம். வியாழன் சூரியனை ஒரு முறை சுற்றி வர ஏறக்குறைய 12 வருஷம் ஆகிறது; சனிக்கு ஏறக்குறைய 30 வருஷம். ஆகவே 60 வருஷத்துக்கு ஒரு முறை இருவரும் பழைய இடங்களுக்குத் திரும்பி வருகிறார்கள். பிரபவ முதல் அட்சய வரையில் வருஷங்களுக்கு அறுபது பெயர் வைத்த நம் முன்னோர் இந்தக் கணக்கை அறிந்தவர்களே. மனிதன் பிறந்த வருஷம் அதே பெயருடன் அவனைத் தேடிக்கொண்டு ஒரு முறை வருகிறது. அப்படி வரும்போது அவன் உயிரோடிருந்தால், பக்கத்தில் மனைவியும் இருந்தால், அதைக் கொண்டாட வேண்டியதுதானே? பராபவ வருஷம் 2026 ஏப்ரலில் திரும்பி வருகிறது.

ஆவடி என்றால் 1955-ஆம் வருஷத்தில் காங்கிரஸ் மகாசபை கூடிய ஊர் என்பது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். பிறகு அங்கே டாங்கித் தொழிற்சாலை வந்தது; பக்கத்து அம்பத்தூரில் தொழிற்பேட்டை வந்தது. மத்திய சர்க்கார் ஊழியர்களுக்கு 1998 முதலும், தமிழ்நாட்டு சர்க்கார் ஊழியர்களுக்கு 2021 முதலும் ஓய்வு பெறும் வயது அறுபது. ஆகவே இந்தப் பக்கத்தில் அநேகம் குடும்பங்களில் உத்தியோக ஓய்வும் அறுபதாம் கல்யாணமும் கைகோத்துக்கொண்டு வருகின்றன. சேமநிதிப் பணம் கைக்கு வருகிறது. அதைச் செலவழிக்க வழியும் கூடவே வந்துவிடுகிறது!

நண்பர் வீட்டில் முதலில் போட்ட திட்டம் இது: தீபாவளிக்கு மகன் சிங்கப்பூரிலிருந்தும், மகள் பெங்களூரிலிருந்தும் வருவார்கள். அதையே உல்லாசப் பிரயாணமாக்கி, குடும்பத்தோடு திருக்கடையூர் சென்று கல்யாணத்தை நடத்திவிடலாம். அங்கே மார்க்கண்டேயனுக்காக எமனை உதைத்த கால சம்ஹார மூர்த்தி இருக்கிறார். அபிராமி அம்மை இருக்கிறாள். ஆயுளுக்காக வேண்டிக்கொள்ள அதைவிடப் பொருத்தமான ஸ்தலம் ஏது? வருஷம் முழுவதும் அந்தக் கோயிலின் பிராகாரங்களில் கிழ மாப்பிள்ளைகள் ஈர வேஷ்டியுடன் கலச நீரை ஏற்றுக்கொண்டிருப்பதைக் காணலாம். தரங்கம்பாடியில் 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டையையும் கடலையும் குழந்தைகள் பார்க்கலாம். காவிரிப்பூம்பட்டினமும் தூரமில்லை.

திட்டம் நல்ல திட்டந்தான். ஆனால் திருவாதிரை தீபாவளிக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாலேயே வந்துவிடுகிறது. நட்சத்திரத்துக்கு லீவு விதிகள் தெரியாது. மகனுடைய மேலதிகாரிக்கு நட்சத்திரம் தெரியாது. அதுவுமன்றி ஐப்பசி அடைமழை. கடற்கரையோரமாக 250 கிலோமீட்டருக்கு மேல் மூன்று வண்டிகளில் பிரயாணம். குடும்பத்தாரின் கைப்பேசிக் குழுவில் ஒரு வாரம் பெரிய விவாதம் நடந்தது. பூந்தமல்லியில் மண்டபம் பிடித்து ஐந்நூறு பேருக்குச் சாப்பாடு போடலாம் என்றார் மைத்துனர். பணம் அவருடையதல்ல.

இவ்வளவு பேச்சிலும் ஒருவரை மட்டும் யாரும் எதுவும் கேட்கவில்லை. நண்பரின் மனைவியைத்தான் சொல்கிறேன். கணக்கெல்லாம் கணவருடைய வயதைக் கொண்டுதானே? நான் போயிருந்த அன்று அந்த அம்மாள் காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அங்கேயே நின்றார்.

"எந்த ஊரானாலும் எனக்குச் சம்மதம். ஆனால் இரண்டு நிபந்தனை. அந்த நாட்களில் நான் அடுப்பங்கரைக்குள் நுழைய மாட்டேன். எல்லாருக்கும் விடுமுறை என்றால் எனக்கும் விடுமுறைதான்."

"இரண்டாவது?" என்றார் நண்பர், கொஞ்சம் பயத்துடன்.

"முதல் அட்சதை உங்கள் அக்கா கையால் விழ வேண்டும்."

நண்பர் பேசவில்லை. தாயில்லாத அவரை வளர்த்தவர் அந்த அக்கா. கணவரை இழந்து இருபது வருஷமாகிறது. பேரனுக்குக் காது குத்திய அன்றுகூடச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றுதான் எட்டிப் பார்த்தாராம்.

"உறவினர்கள் ஏதாவது சொல்வார்களே?" என்று இழுத்தார் நண்பர்.

"உங்களுக்கு ஜுரம் வந்த இரவுகளில் அந்த உறவினர்களா கண் விழித்தார்கள்?" என்று கேட்டுவிட்டு அம்மாள் உள்ளே போனார்.

இந்தக் கேள்விக்கு எந்த சாஸ்திரத்திலும் பதில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வைதிக விவாகத்தில் ஏழாவது அடி எடுத்து வைத்தபின் கணவனும் மனைவியும் சிநேகிதர்கள் ஆகிறார்கள். 1967-ஆம் வருஷத்துச் சட்டத் திருத்தத்தினால் தமிழ்நாட்டில் செல்லுபடியான சுயமரியாதைத் திருமணத்திலும் ஒருவரை ஒருவர் துணையாக ஏற்கும் வாக்கே பிரதானம். எந்த முறையானாலும், சட்டத்தின் கண்ணில் இரண்டாவது தாலி புதிதாக ஒன்றையும் உண்டாக்குவதில்லை. முன்பு கொடுத்த வாக்கு இத்தனை வருஷம் எப்படிக் காப்பாற்றப்பட்டது என்று கணக்குப் பார்க்கும் நாள் அது; அவ்வளவுதான். காவிரிப்பூம்பட்டினத்தில் கோவலனுக்கும் கண்ணகிக்கும் நடந்த கல்யாணத்தைவிட ஆடம்பரமான கல்யாணம் உண்டா? முடிவு என்னவாயிற்று என்பது தமிழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியில் முடிவானது இதுதான். ஐப்பசித் திருவாதிரை அன்று இருவரும் அக்காவை அழைத்துக்கொண்டு பக்கத்துத் திருவேற்காட்டுக்குப் போய் வருவார்கள். அகஸ்தியருக்குச் சிவபெருமான் தம் திருமணக் கோலத்தைக் காட்டியருளியதாகச் சொல்லும் வேதபுரீசுவரர் கோயில் அங்கே இருக்கிறது. மணக்கோலம் காண அதற்கு மேல் என்ன வேண்டும்? திருக்கடையூர்ப் பிரயாணம் பொங்கல் விடுமுறையில். நட்சத்திரம் 27 நாளுக்கு ஒரு முறை வரத்தான் வருகிறது, மழை நின்றிருக்கும், வயல்களில் அறுவடை நடக்கும், பேரக் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடமும் இராது. தை பிறந்தால் வழி பிறக்கும் என்று தெரியாமலா சொன்னார்கள்! பூந்தமல்லி மண்டபம் கைவிடப்பட்டது. மைத்துனருக்கு மட்டும் சிறிது வருத்தம்.

அக்காவிடம் விஷயத்தைச் சொன்னபோது, "எனக்கெதற்கடா அதெல்லாம்?" என்றாராம். மறுநாள் பெட்டியைத் திறந்து, பட்டுப் புடவை ஒன்றை எடுத்து வெயிலில் உலர்த்தினாராம். இருபது வருஷமாக மடித்து வைத்திருந்த புடவை.