உறுப்புக்கொடையும் நமது மௌனமும்

ஆண்டுதோறும் நமது தமிழ்ப் பாடசாலைகளில் திருக்குறள் மனனப் போட்டி நடைபெறுகின்றது. மழலை மாறாத பிள்ளைகள் மேடையேறி அன்புடைமை அதிகாரத்தைத் தடுமாற்றமின்றி ஒப்புவிக்கும்போது, பெற்றோராகிய நாம் கைதட்டி மகிழ்கின்றோம். அன்புடையவர் தமது எலும்பையும் பிறருக்கு உரியதாகவே கருதுவர் என்னும் கருத்து அவ்வதிகாரத்தில் உள்ளது. அதன் பொருளைக் கேட்டாலும் நம் பிள்ளைகள் பிழையின்றிச் சொல்வர். ஆயின், அப்பொருளே ஒருநாள் நமது குடும்பத்தின் முன் ஒரு வினாவாக வந்து நிற்குமானால், நாம் என்ன விடை பகர்வோம்?

இன்று பிரித்தானியாவில் 7,000க்கும் அதிகமானோர் உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்காகக் காத்திருக்கின்றனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோருக்கு வேண்டியது சிறுநீரகமே. காத்திருப்போரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் ஆசிய, ஆபிரிக்க மற்றும் பிற சிறுபான்மை இனத்தவர் ஆவர். கொடையாளர் வரிசையிலோ இவ்வினத்தவரின் தொகை மிகக் குறைவு. நீரிழிவும் உயர் குருதியமுக்கமும் தென்னாசிய மக்களைக் கூடுதலாகப் பீடிக்கும் நோய்கள் என்பதையும், அவை சிறுநீரகத்தைச் சிதைப்பன என்பதையும் நாம் அறிவோம். நமது உறவினர் வட்டத்திலேயே, வாரத்தில் மூன்று நாள்கள், நாளொன்றுக்கு நான்கு மணிநேரமளவில் டயலிசிஸ் இயந்திரத்தின் அருகே கழிப்பவர்கள் இல்லாத குடும்பம் அரிது.

மாற்றுச் சிகிச்சைக்குக் குருதி வகையும் இழைய வகையும் பொருந்த வேண்டும். தென்னாசியரிடையே 'பி' வகைக் குருதி வெள்ளையரிடையே காணப்படுவதைவிட மிகுதி. இழையப் பொருத்தமும் ஒரே இனப் பின்னணி உடையோரிடமே எளிதில் அமையும். எனவே, நம்மவர் கொடுக்கத் தயங்கும் ஒவ்வொரு முறையும், நம்மவர் ஒருவரின் காத்திருப்பே பெரும்பாலும் நீளுகின்றது.

சட்டம் மாறிவிட்டதே, இனிக் கவலை ஏன் என்று சிலர் வினவலாம். 2015இல் வேல்ஸிலும், 2020 மே 20ஆம் திகதி இங்கிலாந்திலும், 2021இல் ஸ்கொட்லாந்திலும், 2023இல் வட அயர்லாந்திலும் புதிய சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. இவற்றின்படி, மறுப்புத் தெரிவிக்காத வயதுவந்தோர் பொதுவாக உறுப்புக்கொடைக்கு இசைந்தவராகவே கருதப்படுவர். ஆயினும், அந்த வேளையில் குடும்பத்தினரைக் கலந்து பேசாமல் எவரும் மேற்செல்வதில்லை. இறந்தவரின் விருப்பத்தை முன்னரே அறிந்திருந்த குடும்பங்களில் பத்தில் ஒன்பது இசைவு தருகின்றன. அறியாத குடும்பங்களில் ஏறத்தாழ அரைவாசியே இசைகின்றன. சட்டத்தால் நிரப்ப இயலாத இடைவெளி, நமது மௌனம் உண்டாக்கிய இடைவெளியே.

அந்த வேளை எத்தகையது என்பதைச் சற்று எண்ணிப் பார்ப்போம். தீவிர சிகிச்சைப் பிரிவின் சிறிய அறையொன்றில் தாய், பாட்டனார், மாமன் ஆகியோர் கூடியிருக்கின்றனர். தாதியொருவர் மெல்லிய குரலில் ஆங்கிலத்தில் பேசத் தொடங்குகின்றார். மொழிபெயர்க்கும் கடமை பதினேழு வயது மகளின் தலையில் விழுகின்றது. மூளைச்சாவு என்னும் சொல்லை அவள் தமிழில் கேட்டதில்லை. அப்பா இதுபற்றி என்ன நினைத்தார் என்பதும் அவளுக்குத் தெரியாது. வீட்டில் எவரும் அதைப் பேசியதில்லை. இத்தகைய குழப்பத்தில் 'வேண்டாம்' என்னும் சொல் பிறப்பதில் வியப்பில்லை. அது பெரும்பாலும் மறுப்பன்று, அறியாமையின் அச்சமே.

நம்மவர் மனத்தில் உள்ள ஐயங்களை நாம் ஏளனம் செய்யலாகாது. கொடையாளர் எனப் பதிந்துகொண்டால் வைத்தியர்கள் உயிர்காக்க முயலமாட்டார்கள் என்பது முதலாவது அச்சம். மூளைத்தண்டுச் சாவை அனுபவம் மிக்க இரு வைத்தியர்கள், இரண்டு முறை சோதித்தே உறுதிசெய்வர். மாற்றுச் சிகிச்சைக் குழுவினருக்கு அதில் எவ்விதப் பங்கும் இல்லை. உடல் சிதைந்துவிடும், இறுதிக் கிரியைகள் தடைப்படும் என்பது இரண்டாவது. உறுப்புகள் சத்திரசிகிச்சை முறையில் கவனமாக எடுக்கப்பட்டு உடல் மரியாதையுடன் ஒப்படைக்கப்படுகின்றது. திறந்த பேழையில் வைத்து அஞ்சலி செலுத்தவும் இயலும். குறையுடலோடு அனுப்பினால் மறுபிறவி கெடும் என்பது மூன்றாவது. தன் கண்ணையே பெயர்த்து அப்பிய கண்ணப்பரை நாயன்மாராகப் போற்றும் நம்மிடையே இந்த அச்சம் நிலைபெறுவதற்குக் காரணம் காணோம். எரியூட்டும் உடலில் எஞ்சுவது சாம்பலன்றோ?

இவ்வறம் நமது மண்ணுக்குப் புதியதும் அன்று. இலங்கையில் வைத்தியர் ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய கண்தான இயக்கம், 1964 முதல் பிற நாடுகளுக்கும் விழிவெண்படலங்களை அனுப்பிப் பலருக்குப் பார்வை தந்தது. 2008இல் விபத்தொன்றில் மூளைச்சாவடைந்த பள்ளி மாணவன் ஒருவனின் பெற்றோர், தம் துயரத்தின் நடுவே மகனின் உறுப்புகளை வழங்கினர். அவனுடைய இதயம் ஒரு சிறுமியை வாழவைத்தது. அந்நிகழ்ச்சி தமிழ்நாடெங்கும் விழிப்புணர்வை ஊட்டியது. 2023இல், உறுப்புக்கொடை வழங்கியோரின் இறுதிச் சடங்குகள் அரச மரியாதையுடன் நடத்தப்படும் எனத் தமிழ்நாட்டு அரசு அறிவித்தது.

இறப்போர் நூறு பேரில் ஏறத்தாழ ஒருவரே உறுப்புகளை வழங்கக்கூடிய சூழ்நிலையில் இறக்கின்றார். அந்த ஒருவரால் ஒன்பது பேர் வரை உயிர்பிழைக்கக்கூடும் என்பதை நோக்கின் அதன் அருமை புலப்படும். விழிவெண்படலம், தோல், எலும்பு, இதய வால்வு முதலிய இழையங்களையோ மேலும் பலர் வழங்கலாம். இழையங்களை இறப்பின் பின்னும் பல மணிநேரம் வரை பெறமுடியும். முதுமையும் பெரும்பாலும் தடையாவதில்லை.

உறுப்புக்கொடை கட்டாயமன்று. கொடுக்க விரும்பாதவர் மறுப்பைப் பதிவு செய்வதும் அவரது உரிமையே. அவரைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. பணத்துக்காக உறுப்புகளை வாங்குவதும் விற்பதும் இந்நாட்டுச் சட்டத்தாலும், 1994ஆம் ஆண்டின் இந்தியச் சட்டத்தாலும் தடைசெய்யப்பட்டுள்ளன. நாம் கேட்பதெல்லாம், கொடுப்பதாயினும் மறுப்பதாயினும் அது அறிந்து எடுத்த முடிவாக இருக்கட்டும் என்பதே.

பெற்றோர்களே! இவ்வாரம் இரவுணவின்போது உங்கள் விருப்பத்தைப் பிள்ளைகளிடம் கூறுங்கள். இறப்பைப் பற்றிப் பேசினால் இறப்பு வந்துவிடும் என்பது மூடநம்பிக்கை. காப்புறுதிப் பத்திரத்தில் கையொப்பமிடும்போது நாம் அவ்வாறு அஞ்சுவதில்லையே! மாணவர்களே! உறுப்புக்கொடை, இழையம், மூளைச்சாவு ஆகிய சொற்களைத் தமிழில் கற்று, அம்மம்மாவுக்கும் அப்பப்பாவுக்கும் அமைதியாக விளக்குங்கள். நீங்கள் கற்கும் தமிழுக்கு அதனினும் சிறந்த பயன் வேறு யாது?

மூன்று தலைமுறையினர் வாரந்தோறும் ஒருங்கே கூடுமிடம் தமிழ்ப் பாடசாலை. இந்த உரையாடல் இங்கே தொடங்கி நமது இல்லங்களில் நிறைவு பெறட்டும். மேடையில் ஒப்புவித்த குறள் நமது வாழ்விலும் பொருள் பெறட்டும்.