அந்நியரும் நம்மவரே

விருந்தோம்பல் என்றாலே தமிழர்களாகிய நமக்குத் தனிப் பெருமை. திருவள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே ஒதுக்கிப் பத்துக் குறள்கள் பாடியுள்ளார். பழந்தமிழில் ‘விருந்து’ என்னும் சொல்லுக்குப் ‘புதுமை’ என்றுதான் பொருள். அப்படியானால் விடுமுறைக்கு வரும் மாமாவும் அத்தையும் மட்டும் விருந்தினர் அல்லர். நாம் முன்பின் அறியாத புதியவரே உண்மையான விருந்தினர். இந்தப் பொருளில் பார்த்தால் இன்று நம்மில் எத்தனை பேர் விருந்தோம்புகிறோம்?

மறைக்கல்வி வகுப்பில் நாம் ரூத்தின் வரலாற்றைப் படிக்கிறோம். அவள் மோவாபு நாட்டுப் பெண், கணவனை இழந்தவள். மாமியாருடன் பெத்லகேமுக்கு வந்து, அறுவடையான வயலில் சிந்திய கதிர்களைப் பொறுக்கினாள். ஏழைகளுக்கும் அந்நியருக்கும் வயலின் ஓரத்தை அறுக்காமல் விட வேண்டும் என்பது மோசேயின் சட்டம். ஆனால் வயலுக்கு உடையவரான போவாசு சட்டத்தோடு நின்றுவிடவில்லை. வேலையாட்கள் அவளைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று கட்டளையிட்டார். தம் ஆட்களோடு அமர்ந்து உண்ண அழைத்தார். அவள் மனம் நோகாதபடி, கட்டுகளிலிருந்து வேண்டுமென்றே கதிர்களை உருவிப் போட்டுவைக்கச் சொன்னார். அந்த அந்நியப் பெண்ணே தாவீது அரசரின் பாட்டனைப் பெற்றெடுத்தாள். இயேசுவின் தலைமுறை அட்டவணையில் புனித மத்தேயு அவள் பெயரையும் எழுதியுள்ளார். அன்று அந்த வயலிலிருந்து அவளை விரட்டியிருந்தால்?

போவாசு கொடுத்தது தானியம் மட்டுமன்று. பாதுகாப்பு, மரியாதை, பந்தியில் ஓர் இடம். ‘அந்நியரை ஏற்றல்’ என்பதற்கு இதுவே பொருள் என்று நாங்கள் நினைக்கிறோம்.

இன்று நம் ஊர்களில் வீடு கட்டுவோரும், ஓட்டல்களில் இலை எடுப்போரும், திருப்பூர் பனியன் கம்பெனிகளில் உழைப்போரும் பலர் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம் மாநிலத்தவர். 2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது இத்தகையோர் மூட்டை முடிச்சுகளுடன் நூற்றுக்கணக்கான மைல் நடந்ததை நாடே கண்டது. அவர்களை நாம் எப்படி அழைக்கிறோம்? ‘வடக்கன்’ என்கிறோம். ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர் இருக்கிறதே! செப்டம்பர் 8ஆம் நாள் திருவிழாவுக்கு வேளாங்கண்ணியில் பல மொழியினர் கூடும்போது, “எத்தனை மொழி, ஒரே தாய்!” என்று மகிழ்கிறோம். அதே மொழி பேசுபவர் நம் தெருவில் செங்கல் சுமந்தால் முகம் சுளிப்பது எந்த விதத்தில் நியாயம்?

“நம் பிள்ளைகளுக்கே வேலையில்லை, இவர்கள் ஏன் வந்தார்கள்?” என்று பெரியவர்கள் சிலர் கேட்கின்றனர். அவர்கள் கவலை எங்களுக்குப் புரிகிறது. ஆனால் நம் முன்னோரும் பிழைப்புக்காகவே இலங்கைத் தேயிலை மலைகளுக்கும் மலேயா ரப்பர் தோட்டங்களுக்கும் போனார்கள். நம் அப்பாமாரும் அண்ணன்மாரும் இன்றும் துபாய்க்கும் குவைத்துக்கும் போகிறார்கள். அங்கே அவர்களை எப்படி நடத்த வேண்டும் என்று நாம் விரும்புகிறோமோ, அப்படியே இங்கு வருவோரை நாம் நடத்த வேண்டாமா?

“பெண் பிள்ளைகள் எச்சரிக்கையாக இருக்க வேண்டாமா?” என்றும் கேட்பார்கள். கட்டாயம் இருக்க வேண்டும். ஆனால் அந்த எச்சரிக்கை அறிமுகமில்லாத எவரிடமும் வேண்டியதே, அவர் நம் ஊர்க்காரரே ஆனாலும். ஒரு மாநிலத்தார் அனைவரையும் திருடர் என்று ஐயுறுவதற்குப் பெயர் எச்சரிக்கை அன்று, அநீதி.

நம் விசுவாசமே அந்நியர் வழியாக வந்ததுதானே! 1542ல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியாரும், 1693ல் ஓரியூரில் இரத்தம் சிந்திய புனித அருளானந்தரும், தேம்பாவணி பாடிய வீரமாமுனிவரும் இம்மண்ணில் பிறந்தவர்கள் அல்லர். தமிழகம் அவர்களுக்குத் தன் மொழியைக் கற்றுக்கொடுத்தது. தன் குடிசைகளில் இடம் கொடுத்தது. அந்த ஏழை மக்களின் பெயர்கள் ஏட்டில் இல்லை. ஆனால் அவர்கள் கதவு திறந்ததால்தான் நாம் இன்று ஆலயத்தில் முழந்தாளிடுகிறோம்.

2025 ஏப்ரலில் இறைவனடி சேர்ந்த திருத்தந்தை பிரான்சிஸ், திருத்தந்தையானபின் உரோமைக்கு வெளியே மேற்கொண்ட முதல் பயணம் அகதிகள் வந்திறங்கும் லாம்பெதூசா தீவுக்குத்தான். அது 2013 ஜூலை 8. புலம்பெயர்ந்தோருக்காக நாம் செய்ய வேண்டியவை நான்கு என்று அவர் கற்பித்தார்: வரவேற்றல், பாதுகாத்தல், முன்னேற்றுதல், ஒன்றிணைத்தல்.

தோழியரே, கிறிஸ்துமஸ் காலத்தில் கேக்கும் துணிமணியும் கொண்டுபோய்க் கொடுப்பது நல்லதே. ஆனால் அது ஒரு நாள் வேலை. மீதி 364 நாட்கள் இருக்கின்றனவே! வேறு மாநிலத்துச் சிறுமி நம் வகுப்பில் சேர்ந்தால் நம் பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுப்போம். அவள் தமிழைத் தப்பாகப் பேசினால் சிரிக்காமல் சொல்லிக் கொடுப்போம். அவள் மொழியில் நான்கு சொற்களை நாமும் கற்போம். இடைவேளையில் விளையாட அழைப்போம். ஞாயிறு திருப்பலியில் பின்னால் தயங்கி நிற்கும் குடும்பத்தைக் கண்டால், அம்மா அப்பாவிடம் சொல்லி நம் வரிசையில் அமரச் செய்வோம்.

இவற்றுக்குப் பணம் வேண்டாம், மனம் ஒன்றே போதும். அந்நியரை ஏற்றோமா என்று இறுதி நாளில் நம்மைக் கேட்கப் போகும் ஆண்டவர், இன்றே நம் வாசலில் நிற்கிறார். அவருக்கு இடம் கொடுப்போமாக!